வலப்பக்கத் தாடை

பரியாரி சீனிமுகம்மதுவின் பெருவிரல் சுபைறாவின் வாய்க்குள் இருந்தது. வெற்றிலைச் சாறு ஊறி நகக்கண் எல்லாம் சிவந்துபோன விரல். அதைக் கடைவாய்ப் பல்லில் கொளுவிக்கொண்டு, மற்றக் கையால் உதட்டுக்குக் கீழே அவளுடைய நாடியைப் பிடித்து, இறுகிப்போன மேசை லாச்சியை இழுப்பதுபோல வலப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார். புகையிலைக் காரம் நாக்கில் பட்டது. ஓங்காளம் வந்தது. பிறர் வீட்டில் வாந்தி எடுத்து உம்மாவை வெட்கப்படுத்தக் கூடாது என்று கண்ணை இறுக மூடி மூச்சை அடக்கினாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் அது. பாலமுனையில் தலை முறிந்த தென்னைகள் அப்படியே நின்றன. கல்முனையிலிருந்து தாயும் மகளும் பஸ் ஏறி வந்து, விசாரித்து விசாரித்து இந்த வீட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். முறிவு நெரிவுக்குக் கைராசிக்காரர் என்று அவருக்குப் பேர். சுபைறாவின் நாடி இடப்பக்கம் ஒதுங்கியிருந்ததைப் பார்த்ததுமே, மூட்டு விலகிக் கிடக்கிறது, இழுத்து வைத்துக் கட்டினால் சரி என்று சொல்லிவிட்டார்.

பதினாறு வயதுவரை சுபைறாவின் முகத்தில் யாரும் ஒரு குறையும் கண்டதில்லை. நெல் வியாபாரி கச்சிமுகம்மதுவின் மூத்த மகள் அவள். முதலில் கண்டவள் தங்கை உம்மு. ராத்தா சிரித்தால் வாய் ஒரு பக்கம் போகிறது என்று விளையாட்டாகச் சொன்னாள். அடுத்த வருடம் அது விளையாட்டாக இருக்கவில்லை. வலப்பக்கத் தாடை நீண்டு தட்டையாகி, நாடி இடப்பக்கம் தள்ளுப்பட்டுப் போயிற்று. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராகச் சந்திக்க மறுத்தன. இறைச்சித் துண்டைக் கடித்து இழுக்க முடியாமல், கையால் பிய்த்து இடப்பக்கம் ஒதுக்கி மெல்லப் பழகிக்கொண்டாள். கலியாண வீடுகளுக்குப் போனால் அவள் சாப்பிடுவதையே நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. ஒருக்களித்துப் படுத்ததால் வந்தது என்றாள் ஒருத்தி. ஒரு பக்கத்தால் சாப்பிட்டதால் வந்தது என்றாள் மற்றவள். கண்ணூறு என்றார்கள், காத்துக் கறுப்பு என்றார்கள். தாயின் வயிற்றில் இருந்தபோது கிரகணம் பட்டது என்றுகூட ஒருத்தி சொன்னாள். அப்படியானால் பதினாறு வருடம் அது எங்கே ஒளிந்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. சொன்ன ஒவ்வொருத்தியும் அவளுடைய நாடியைத் தொட்டுத்தான் சொன்னாள். மீன் அரிந்த கை, சுண்ணாம்புக் கை, பிள்ளைக்குக் கழுவிவிட்டு ஈரம் காயாத கை. முகம் தன்னுடையது இல்லை, சந்தையில் வைத்த பண்டம் என்று சுபைறாவுக்குத் தோன்றும். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள்.

பரியாரியார் விரலை எடுத்த பிறகு ஏதோ இலைகளைக் கொண்டுவந்தார். அம்மியில் அரைப்பார் என்று பார்த்தால், வாயில் போட்டுச் சப்பினார். சப்பிச் சப்பிப் பச்சை நுரை கடைவாயில் வழிய, அதை ஒரு சீலைத் துண்டில் துப்பி, சுறா எண்ணெயை ஊற்றிப் பிசைந்தார். எச்சிலில்தான் மருந்தின் வீரியம் இருக்கிறது என்று உம்மாவுக்கு விளக்கம் வேறு. அந்த வெதுவெதுப்பான களியை அவளுடைய வலது கன்னச் சொக்கில் அப்பி, நாடிக்குக் கீழாகத் துணியைக் கொடுத்து உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அவிழ்க்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது.

இரண்டாம் நாளே அது நாறத் தொடங்கியது. ஈ மொய்த்தது. உம்மு பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று பாயைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள். மறுநாள் மத்தியானம் சுபைறா அசந்து தூங்கும்போது தாய் சல்மா உம்மா அறைக்குள் வந்தாள். மல்லாந்து படுத்து, கண் மூடி, நாடியில் கட்டுடன் கிடந்த மகளைப் பார்த்ததும் கையிலிருந்த கோப்பையைப் போட்டுவிட்டாள். உயிர் போன மையித்துக்குத்தான் அப்படி நாடியைக் கட்டுவார்கள். ஓடிவந்து முடிச்சை அவிழ்க்க வராமல் பல்லால் கடித்து இழுத்தாள்.

“உசிரோட இரிக்கிற புள்ளைக்கு இதக் கட்ட நானே கூட்டிப் போனனே,” என்றாள்.

கட்டுக்கு அடியில் தோல் வெந்து கொப்புளம் போட்டிருந்தது. நாடி போன இடத்திலேயே இருந்தது.

சல்மா உம்மாவின் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கச்சிமுகம்மதுவின் ராத்தா ஆசியா உம்மாவின் மகன் சரீப்புக்குத்தான் சுபைறா என்று சின்ன வயதிலேயே பேச்சு. சரீப் அப்போது சவூதியில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் போகும்போது அவளுக்கு முகத்தில் ஒன்றும் இல்லை. ஆசியா உம்மா அதே ஊரில் இருந்தும், தாடை விசயத்தைக் கண்டும் காணாதவள்போல் நடந்து, மகன் படம் கேட்கிறான் என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

பொம்பிளைப் பிள்ளையைப் படம் எடுப்பது வீட்டில் வழக்கமில்லை. என்றாலும் சல்மா உம்மா அவளைக் கல்முனைப் பசாரில் தங்கத்துரையின் படக்கடைக்குக் கூட்டிப்போனாள். தங்கத்துரை நல்ல மனிதர். அவளுக்கு மனம் நோகாதபடி கதிரையைச் சரித்து வைத்து, முகத்தை இஞ்சால திருப்பு, இன்னும் கொஞ்சம் என்று சொல்லி, முக்காட்டை ஒரு பக்கம் இழுத்துவிடச் சொன்னார். பிறகு உம்மா அவரோடு தனியாக ஏதோ கதைத்தாள். படச்சுருளில் பென்சிலால் தீட்டி நிழலைக் கூட்டிக் குறைக்கலாம் என்று அவர் சொன்னது சுபைறாவின் காதில் விழுந்தது.

படம் வந்தது. அதில் ஒரு பெண் இருந்தாள். சுபைறாவின் கண், சுபைறாவின் மூக்கு. அதற்குக் கீழே யாரோ ஒருத்தியின் அழகான நாடி. அதைப் பார்க்கப் பார்க்கப் பரியாரியாரின் களி ஞாபகம் வந்தது. அதுவும் முகத்தில் அப்பியது, இதுவும் அப்பியது. இது நானில்லை, அனுப்ப வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள். உம்மா அழுதாள். அதற்குமேல் சுபைறா வாய் திறக்கவில்லை. படம் போனது.

எண்பதாம் ஆண்டு பெருநாளைக்கு முன்னால் சரீப் லீவில் வந்தான். றேடியோவும் அத்தரும் பட்டுத்துணியும் கொண்டு தாயோடு வீட்டுக்கு வந்தான். சுபைறா தேத்தண்ணீர்த் தட்டோடு முன்னறைக்குள் போனாள். நிமிர்ந்து பார்த்தவன், அடுத்த கணம் பார்வையை எடுத்து றேடியோவின் மேல் வைத்துவிட்டான். அந்த ஒரு கணத்தில் அவனுடைய மேல் உதடு சுருங்கியதை அவள் கண்டாள். பாலில் விழுந்த பல்லியைக் கண்டவனின் உதடு அது.

ஆசியா உம்மா எழுந்து வந்தாள். தட்டை மேசையில் வைக்கக்கூட விடவில்லை. இரண்டு விரலால் மருமகளின் நாடியைப் பிடித்து, வெளிச்சம் வந்த பக்கம் திருப்பினாள். பிறகு மற்றப் பக்கம் திருப்பினாள். பல்லைக் காட்டு என்றாள். சுபைறா காட்டவில்லை.

“மதினி, படத்தில இது இப்பிடி இல்லயே,” என்றாள் ஆசியா உம்மா. அவளே தினமும் பார்த்த முகம்தான். “நாளைக்குப் புள்ளகுட்டிக்கும் இது வருமா? ஒரு வழி பண்ணிட்டுச் சொல்லுங்க. மறுகா பாப்பம்.”

சரீப் தேத்தண்ணீரில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் செருப்பைப் போடும்போது லேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

சுபைறா அழவில்லை. கிணற்றடிக்குப் போனாள், வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. சரீப்பின் மேல் வந்த அருவருப்பைவிட, அந்தப் படத்தை அனுப்பவிட்ட தன்மேல் வந்த அருவருப்புத்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அந்த மாரி மழைக்குப் பிறகு, ஒழுங்காகச் சந்திக்காத பற்களில் ஒன்று சொத்தையாகி இரவு பகலாகக் குத்தியது. பல்லைப் பிடுங்கத்தான் அவள் பல் வைத்தியரிடம் போனாள். சாரதாதேவி என்ற அந்த வைத்தியர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பல்லைப் பார்ப்பதற்கு முதல், முகத்தைத் தொடலாமா என்று கேட்டார். சுபைறாவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. தலையை ஆட்டினாள்.

வைத்தியர் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு தட்டையான மரக்குச்சியைக் குறுக்காகக் கடிக்கச் சொன்னார். கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். குச்சி ஒரு பக்கம் சரிந்து நின்றது. பிறகு சுபைறாவின் விரல்களையே எடுத்து அவளுடைய காதுகளுக்கு முன்னால் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார்.

“உள்ளுக்கு ஒண்டு உருளுது தெரியுதா? அதுதான் தாடையெலும்பின்ட தலை. தாடை வளர்றது அவடத்தயிருந்துதான். வயசு வந்தா அந்த வளர்ச்சி நிண்டுபோகும். உங்களுக்கு இடப்பக்கம் நிண்டிட்டு, வலப்பக்கம் நிக்கயில்ல. அது நீள நீள நாடிய மற்றப் பக்கம் தள்ளுது.”

“நான் ஒரு பக்கம் படுத்ததாலயா?” என்று கேட்டாள் சுபைறா.

“எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் வந்திருக்கும். நீங்க செஞ்ச பிழை ஒண்டுமில்ல. உம்மா செஞ்ச பிழையும் இல்ல.”

இரண்டு பக்கமும் ஒரே அளவான முகம் யாருக்கும் இல்லை என்றும் அவர் சொன்னார். தன் மூக்குக் கண்ணாடியைக் காட்டினார். ஒரு காது இறங்கியிருந்ததால் அது சற்றுச் சரிந்துதான் நின்றது. கொஞ்சம் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் சுபைறாவுடையது கடியைக் குலைத்துப் பல்லைக் கெடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கண்டிப் பக்கம் தாடை அறுவை செய்கிற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே எழுதித் தருகிறேன் என்றார். போவதற்கு முதல் ஒன்று வேண்டும்: பழைய படங்கள். எலும்பு இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கேற்றபடிதான் வைத்தியமும்.

வீட்டில் இருந்த படங்களையெல்லாம் வாரிக்கொண்டு போனாள். உம்முவின் பள்ளிக்கூட விழாவில் எடுத்தது, உறவினர் வீட்டுக் கலியாணத்தில் எடுத்தது, தங்கத்துரை தீட்டிய படத்தின் பிரதி. எல்லாவற்றிலும் அவள் முகத்தைத் திருப்பியிருந்தாள், அல்லது கையால் மறைத்திருந்தாள். தீட்டிய படத்தை வைத்தியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். சுபைறாவுக்கு முகம் எரிந்தது. கடைசியில் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படம்தான் உதவியது. அரசாங்கத்துக்கு நேராகப் பார்க்கும் முகம் வேண்டும், அதனால் அதில் ஒளிக்க முடியவில்லை. பதினெட்டு வயதில் இருந்த சரிவும் இப்போதைய சரிவும் ஒன்றில்லை. எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

கண்டிக்கு வாப்பாவும் அவளும் போனார்கள். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். வாய்க்குள் குளிர்ந்த களியை வைத்துப் பல்லுக்கு அச்சு எடுத்தார்கள். அது தொண்டைவரை இறங்கியபோது பழைய ஓங்காளம் எழும்பியது. என்றாலும் அந்தக் களி யாருடைய எச்சிலும் இல்லை, புதினா மணத்தது.

அறுவை செய்கிற சத்திர வைத்தியர் நரைத்த தலையுடைய ஒரு சிங்களவர். சொன்னதைத் தமிழ் டொக்டர் ஒருவர் எடுத்துச் சொன்னார். இப்படியே விடலாம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வளர்ச்சி தானாக நிற்கும்வரை சில வருடம் காத்திருந்து, பிறகு மேல் தாடை கீழ்த் தாடை இரண்டையும் வெட்டி நிமிர்த்தலாம். அது பெரிய வேலை. இல்லையென்றால் இப்போதே காதுக்கு முன்னால் திறந்து, வளர்கிற அந்த எலும்புத் தலையைச் சீவி எடுத்துவிடலாம். வளர்ச்சி நிற்கும், நாடி பெருமளவுக்கு நடுவுக்கு வரும். முழுக்க நேராகும் என்று வாக்குத் தர முடியாது. அந்த வழியில் புருவத்தைத் தூக்குகிற நரம்பு ஓடுகிறது. அது சில மாதம் சோரலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். காதோரம் தழும்பு ஒன்று இருக்கும்.

கச்சிமுகம்மது தாடியைத் தடவினார். ராத்தா வீட்டார் எதற்குச் சம்மதிப்பார்களோ, ஒருக்கால் கேட்டுவிட்டு வருவோமா என்றார்.

“இது என்ட தாடை வாப்பா,” என்றாள் சுபைறா. “எனக்குச் சாப்பிட ஏலாம இரிக்கி. இப்பவே செய்யட்டும்.”

அவளை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் வல்லியம்மை இருந்தாள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு வாயில் வந்த புற்று. கீழ்த் தாடையில் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். அப்படியும் அது நின்றபாடில்லை. சொக்கில் ஒரு ஓட்டை. அதற்கு வைத்த துணி எந்த நேரமும் நனைந்திருந்தது. அந்த நாற்றம் அழுகிய மீனும் இல்லை, செத்த எலியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தித்திப்பு. சுபைறா முதல் நாள் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சோற்றுத் தட்டு வந்ததும் எடுத்துக்கொண்டு யன்னலோரம் போனாள். திரும்பிப் பார்த்தபோது வல்லியம்மை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை சுபைறாவுக்குத் தெரிந்த பார்வைதான். தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற அன்று தன்னுடைய கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். தன் மேல் உதடு சுருங்கியிருப்பதை விரலால் தொட்டு உணர்ந்தாள். வாயில் இருந்த சோற்றை விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சரீப்புக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். லேஞ்சிக்குப் பதில் முக்காடு, அவ்வளவுதான்.

தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கட்டிலுக்கு வந்தாள். மூக்கிலிருந்து முக்காட்டை எடுத்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. எடுத்த முக்காடு தானாகவே மறுபடி மேலே போயிற்று.

வல்லியம்மையின் பேச்சுக் கொழகொழவென்று இருக்கும், கவனித்துக் கேட்டால் விளங்கும். “மூடிக்க புள்ள,” என்றாள். “எனக்கே சகிக்கல. நீ என்னா பண்ணுவ.”

அதற்குப் பிறகு அவர்கள் கதைத்தார்கள். வாட்டில் தமிழ் கதைக்க வேறு ஆள் இல்லாததும் ஒரு காரணம். சுபைறாவின் மூக்குப் பழகவேயில்லை. பழகிவிட்டதாக அவள் நடிக்கவுமில்லை.

அறுவை முடிந்து கண் விழித்தபோது வாய் திறக்கவில்லை. மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் கம்பி கட்டி, புதிய கடிக்குப் பழகுவதற்காக இறப்பர் வளையங்களால் இறுக்கிப் பூட்டியிருந்தார்கள். கட்டில் தலைமாட்டில் ஒரு கத்தரிக்கோல் நூலில் தொங்கியது. வாந்தி வந்தால் உடனே வளையங்களை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் புரைக்கேறி மூச்சடைக்கும் என்று தாதி சைகையால் காட்டினாள். அதிலிருந்து ஓங்காளம் என்பதே சுபைறாவுக்கு உயிர்ப் பயமாகிவிட்டது.

மூக்கு வைத்த கோப்பையால் பால், கஞ்சித் தண்ணீர், சூப்பு. குடித்ததெல்லாம் பல்லிடுக்கில் தங்கிப் புளித்தது. எச்சிலை விழுங்கத் தெரியாமல் நாடியால் வழிந்தது, இரத்தம் கலந்த எச்சில். தன் வாயின் நாற்றம் தன் மூக்கிலேயே ஏறியது. சொக்கு ஊதிப் பூசணிக்காயாக இருந்தது. வாப்பா பார்க்க வந்து, கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். பாசம் இல்லாதவர் அல்ல. கிட்டப் போகக் கால் வரவில்லை.

ஒரு பின்னேரம் பால் நெஞ்சில் எதிர்த்தது. மூடிய பல்லுக்குப் பின்னால் புளிப்பு வந்து நின்றது. கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினாள், எட்டவில்லை. வல்லியம்மை எழுந்து வந்து அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகில் கையை வைத்துக்கொண்டு, மூக்கால மூச்சு விடு, மெதுவா விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மெல்ல மெல்ல அது இறங்கியது. பிறகு வல்லியம்மை தன் சீலைத் துண்டால் அவளுடைய நாடியில் வழிந்ததைத் துடைத்தாள். அது எந்தத் துண்டு, சற்று முன் எதைத் துடைத்த துண்டு என்று சுபைறாவுக்குத் தெரியும். உடம்பெல்லாம் கூசியது. என்றாலும் முகத்தைத் திருப்பவில்லை. துடைத்து முடியும்வரை இருந்தாள்.

இறப்பர் வளையங்களைக் கழற்றிய அன்று வைத்தியர் கண்ணாடியைக் கொடுத்தார். வீக்கம் முழுக்க வற்றவில்லை. வலது புருவம் சோர்ந்து கிடந்தது. ஆனால் நாடி நடுவுக்கு வந்திருந்தது, கிட்டத்தட்ட நடுவுக்கு. முன்பல் முன்பல்லோடு சந்தித்தது. பேக்கரிப் பாண் துண்டை ஒரு கடி கடித்துப் பார்க்கச் சொன்னார்கள். தாடை வலித்தது, ஆனால் பாண் கடிபட்டது. வல்லியம்மையிடம் காட்டலாம் என்று திரும்பினாள். வல்லியம்மை தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களின் கூட்டம் வாசலை அடைத்தது. தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். வெட்டிய எலும்பை எங்கே போட்டார்கள் என்று கேட்டார்கள். பாலமுனைப் பரியாரியார், தன் எண்ணெய் அப்போதே எலும்பை இளக்கிவிட்டது, டொக்டர் சும்மா வெட்டியெடுத்தார் என்று சொல்லித் திரிவதாகவும் ஒருத்தி கொண்டுவந்து சொன்னாள். சுபைறா தையல் மிசினின் முன்னால் குனிந்துகொண்டாள்.

சில மாதம் கழித்துக் கடியைச் சரிபார்க்கக் கண்டிக்குப் போனபோது, அவள் முதலில் வாட்டுக்குத்தான் போனாள். பக்கத்துக் கட்டிலில் வேறொருத்தி இருந்தாள். வேலை செய்கிற பெண்ணிடம் வல்லியம்மை எங்கே என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விசாரித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பேர் தெரியவில்லை. அடையாளம் சொன்னதும் முகத்தைச் சுளித்து, மூக்கைப் பிடித்துக் காட்டி, அந்த நாற்றம் பிடித்தவளா, அவள் போய்விட்டாள் என்றாள். வீட்டுக்குப் போனாளா, மௌத்தாகிப் போனாளா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பிடித்த மூக்கு சுபைறாவின் கண்ணுக்குள் நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை அசர்த் தொழுகைக்குப் பிறகு ஆசியா உம்மா வந்தாள், கூடவே சரீப். அடுத்த லீவில் வந்திருந்தான். தொதல் இனிப்பும் வாழைப்பழக் குலையும் கொண்டு வந்திருந்தார்கள். கலியாணத்தை இந்த லீவிலேயே வைத்துவிடலாம் என்று ஆசியா உம்மா கதிரையில் இருக்க முன்னமே தொடங்கிவிட்டாள். சல்மா உம்மாவின் கண் கலங்கியது, சந்தோசத்தில்தான். உம்மு ஓடிப்போய்த் தேத்தண்ணீர் வைத்தாள்.

ஆசியா உம்மா சுபைறாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். இரண்டு விரலை நீட்டி நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“மாஷா அல்லாஹ். இப்ப ஒரு குறையுமில்ல. இந்தப் புருவந்தான் கொஞ்சம். அது பரவாயில்ல, முக்காட்ட இறக்கிப் போட்டாத் தெரியாது.” பிறகு மகன் பக்கம் திரும்பி, “என்ன மனே, பாத்தியா?” என்றாள்.

சரீப் பார்த்தான். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. சிரித்தான். “இப்ப நல்லாத்தானே இரிக்கி,” என்றான்.

அந்தச் சிரிப்பு, அன்றைக்குச் சுருங்கிய உதட்டைவிடச் சுபைறாவுக்கு மோசமாக இருந்தது. வல்லியம்மை சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் மூச்சு விட்டாள், மெதுவாக. பிறகு மாமியின் மணிக்கட்டைப் பிடித்து, நாடியிலிருந்து கையை எடுத்து, அவளுடைய மடியில் வைத்தாள்.

“மாமி, எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்,” என்றாள். “மச்சான்ட மேல எனக்குக் கோவமில்ல. அவரப் பாத்தா எனக்கு அருவருப்பா இரிக்கி. அதோட எப்பிடி ஒரு வீட்டில இரிக்கிற?”

சரீப்பின் முகம் வெளிறிப்போனது. ஒரு பெண் தன்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வாள் என்று அவன் கனவிலும் எண்ணியிருக்கமாட்டான். ஆசியா உம்மா தம்பியைப் பார்த்தாள். அவர் மகளைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தாள். கச்சிமுகம்மது எழும்பி நின்றார். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குத் தள்ளி நின்ற அந்த மனிதர் இப்போது வந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

“ராத்தா, தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க,” என்றார்.

குடிக்காமலே போனார்கள். தொதலையும் எடுத்துக்கொண்டு போனார்கள், வாழைக்குலை மட்டும் மறந்துபோய்க் கிடந்தது. சல்மா உம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இனி யார் வருவான், ஊர் என்ன கதைக்கும் என்று அழுது தீர்த்தாள். அவளுடைய அழுகையில் நியாயம் இல்லாமலில்லை. ஊர் கதைக்கத்தான் செய்தது. அரைப் புருவக்காரிக்கு இவ்வளவு பெருமையா என்று சந்தியில் நின்று கதைத்தார்கள். சரீப் அந்த லீவிலேயே வேறு இடத்தில் கலியாணம் முடித்துக்கொண்டு போனான். ஆசியா உம்மா தம்பி வீட்டு வாசலை நெடுங்காலம் மிதிக்கவில்லை.

சுபைறா வீட்டு முன்னறையில் தையல் வகுப்பு வைத்தாள். புருவம் பாதி திரும்பியது, மீதி திரும்பவில்லை. நாலைந்து வருடம் கழித்து, மனைவியை இழந்த அப்துல் ஹமீட் என்ற பள்ளிக்கூட வாத்தியார் பெண் கேட்டு வந்தார். அவர் தொடாமல், உரத்துக் கதைக்காமல், எதிரே இருந்து கதைத்துவிட்டுப் போனார். அவள் ஒரு மாதம் யோசித்துவிட்டு ஓம் என்றாள்.

அதற்கு முன்னால், கடைசித் தடவையாகக் கண்டிக்குப் போனபோது, சத்திர வைத்தியர் அவளுடைய முகத்தை அளந்து பார்த்தார். எலும்பு வளர்வது நின்றுவிட்டது. ஆனால் நாடியில் இன்னும் ஒரு நூலளவு சரிவு இருக்கிறது, வலப்பக்கத் தாடையின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் சீவினால் அதுவும் சரியாகிவிடும், சின்ன அறுவைதான் என்றார். சாப்பிடுவதற்கு அது தடையாக இருக்குமா என்று சுபைறா கேட்டாள். இல்லை, பார்வைக்கு மட்டும்தான் என்றார் அவர்.

“அப்ப வேணாம் டொக்டர்,” என்றாள்.